பச்சைக் கண்ணாடித்தாள்

மார்ச் 29, சனி

அத்தை வீட்டுக்கு வந்து சேர்ந்தாயிற்று. பஸ்ஸில் திருமங்கலம் வரை நின்றுகொண்டே வந்ததில் கால் வலி உயிர் போகிறது. பங்குனிப் பொங்கலுக்கு ஒரு நாள் முன்னால் வந்தால் போதாதா என்று இவரிடம் கேட்டால், "நான் ஒம்பதாம் தேதி புதன்கிழமைதான் வருவேன், நீயாவது முன்னாடி போ" என்று பதில். மின்வாரியத்தில் லீவு கிடைக்காதாம். எனக்கு மட்டும் கல்லூரியில் வெட்டி வேலை.

உண்மையில் இப்போது அங்கே எனக்கு வேலையும் இல்லை. எங்கள் தாவரவியல் துறையின் இருட்டறையில் ஏசி பழுது. பார்க்க வந்த மெக்கானிக் கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு மத்தியானம் முழுக்க வேலை பார்த்திருக்கிறார். வெளிச்சமே காட்டாமல் வளர்த்த கம்பும் சோளமும் பயறும் சாயங்காலத்துக்குள் பச்சை கட்டிவிட்டன. நான் திட்டிய திட்டில் வராந்தாவில் கூட்டம் கூடிவிட்டது. "செடி பச்சையானா நல்லதுதானே மேடம்?" என்று கேட்டார் அந்த மனுஷன். பின்னால் நின்ற மாணவிகள் சிரித்தார்கள். அடுத்தவர் பொருள் இருக்கும் அறையைத் திறக்கும் முன் கேட்க வேண்டும் என்ற புத்தி வேண்டாமா என்று இன்னும் கொஞ்சம் கத்தினேன்.

ஆய்விதழுக்கு எழுதிய கட்டுரையைத் திருத்தி அனுப்ப ஏப்ரல் பாதி வரைதான் கெடு. இருட்டிலேயே வளரும் நாற்றின் படங்கள் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். இது அச்சில் வந்தால்தான் எனக்குப் பதவி உயர்வு. துறைத் தலைவி ஹெலன் மேடம் அதை நினைவூட்டாத நாள் இல்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு முனீஸ் வந்திருந்தாள். இவருடைய தங்கை முனீஸ்வரி. பையைப் பிடுங்கிக்கொண்டு, "மெலிஞ்சுட்டீக மதினி, பழைய அளவு ஜாக்கெட்டு தொளதொளன்னு கெடக்கும். வீட்டுக்கு வந்ததும் அளவு எடுத்துருவோம்" என்றாள். என்னை மெலிந்துவிட்டதாகச் சொல்ல உலகத்தில் அவள் ஒருத்திதான் இருக்கிறாள்.

மார்ச் 31, திங்கள்

முனீஸுக்கு இன்று தரையில் கால் பாவவில்லை. இந்த வருடம் முளைப்பாரி வீட்டை அவள் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். இத்தனை வருடம் பார்த்துவந்த அம்மாள் மகனோடு கோயம்புத்தூர் போய்விட்டதால், தெருப் பெண்கள் கூடிப் பேசி, அத்தை வீட்டு உள்ளறைதான் தோது, முனீஸே தண்ணீர் ஊற்றட்டும் என்று முடிவு செய்தார்களாம். பேசி முடித்தது பஞ்சவர்ணம் அக்கா. இந்தத் தெருவில் அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சு இல்லை.

இதில் என்ன பெரிய விஷயம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். முனீஸைச் சிவகாசியில் கட்டிக்கொடுத்த ஆறாம் மாதம் மாமனார் இறந்தார். அடுத்த வருடம் அவள் புருஷனின் அச்சாபீசில் தீப்பிடித்தது. ராசியில்லாதவள் என்று சொல்லிக் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள்; விவாகரத்தும் ஆகிவிட்டது. அன்றிலிருந்து இந்தத் தெருவில் வளைகாப்பு, பூப்புனித நீராட்டு எதற்கும் அவளைக் கூப்பிடுவதில்லை. அவளைப்போல் ரவிக்கை தைக்க இந்தப் பக்கத்தில் ஆள் இல்லை. ஆனால் கல்யாணப் பெண்ணின் ரவிக்கை மட்டும் அவளிடம் வராது. சாதா ரவிக்கையும் பள்ளிக்கூட யூனிபார்மும்தான் வரும்.

"முளை நல்லா வந்துச்சுன்னா மதினி, என் கைய யாரும் கொறை சொல்ல முடியாதுல்ல?" என்று கேட்டாள். சொல்ல முடியாது என்றேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

முளை போட்டாயிற்று. வீட்டுக்கு ஒரு சட்டி. அடியில் வைக்கோல், மேலே இடித்துச் சலித்த ஆட்டெரு, அதன் மேல் ஊறவைத்த நவதானியம். எந்தச் சட்டி எந்த வீட்டுடையது என்று தெரிய முனீஸ் ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு கலர் நூல் கட்டினாள். பஞ்சவர்ணம் அக்கா சட்டிக்குச் சிவப்பு. அவர் மகள் கௌசல்யாவுக்கு வைகாசியில் கல்யாணம். அந்தச் சட்டியைக் குளிர்ச்சியான இடமாகப் பார்த்து, வீட்டுப் பக்கக் கதவின் ஓரத்தில் வைத்தாள்.

அந்த அறைக்கு இரண்டு கதவு. வாசல் பக்கக் கதவைப் பூட்டிச் சாவியை முனீஸ் இடுப்பில் செருகிக்கொண்டாள். எங்கள் சமையற்கட்டுப் பக்கக் கதவுக்குச் சாக்குத் தொங்கவிட்டு, குறுக்கே கயிற்றுக் கட்டிலைச் சாத்தியாயிற்று. ஜன்னலுக்குக் கறுப்புக் கம்பளி. இனி அடுத்த புதன் வரை அவளைத் தவிர ஒருவரும் உள்ளே போகக் கூடாது. அவளும் விளக்கில்லாமல்தான் போக வேண்டும். காலையிலும் சாயங்காலத்திலும் குளித்து, ஈரப் புடவையோடு உள்ளே போய், கையால் தடவித் தடவித் தண்ணீர் தெளித்துவிட்டு வர வேண்டும்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. இரவு சாப்பிடும்போது அவளுக்கு வகுப்பே எடுத்தேன். விதை மண்ணுக்குள் இருக்கும்வரை முளைக்கு ஒரே வேலை, நீளுவது. வெளிச்சத்தைத் தேடிக்கொண்டு வெளுத்துப்போய் நீண்டுகொண்டே இருக்கும். இலையை விரிக்காது. பச்சையத்துக்கு வேண்டியதையெல்லாம் இலைக்குள் சேர்த்து வைத்துக்கொண்டு, கடைசிப் படி ஒன்றுக்கு மட்டும் வெளிச்சத்துக்காகக் காத்திருக்கும். வெளிச்சம் பட்டதும் அந்தப் படி நொடியில் முடிந்துவிடும்; விடாமல் பட்டுக்கொண்டே இருந்தால் சில மணி நேரத்தில் கண்ணுக்கே பச்சை தெரியும். நீங்கள் சாமி காரியம் என்று செய்வதைத்தான் நாங்கள் இருட்டறையில் செய்கிறோம் என்றேன்.

"அப்ப நானும் காலேஜ் வேலைதான் பாக்குறேன்னு சொல்லுங்க" என்றாள் முனீஸ். அத்தைக்குச் சிரிப்பு வந்து புரை ஏறிவிட்டது.

ஏப்ரல் 2, புதன்

வெயில். குழாயில் தண்ணீர் வரவில்லை. கட்டுரையின் முன்னுரையைத் திருத்தினேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

முளைத்துவிட்டதாம். உள்ளே போய் வந்த முனீஸ் கையை முகர்ந்து காட்டினாள். ஈர மண் வாசனை. "உள்ளங்கையில குறுகுறுன்னு முட்டுது மதினி" என்றாள். சாயங்காலம் தெருவில் கும்மி. என்னையும் இழுத்துவிட்டார்கள், காலை மாற்றி வைத்து அசடு வழிந்ததுதான் மிச்சம்.

கும்மி முடிந்ததும் பஞ்சவர்ணம் அக்கா உள்ளே வந்தார். மடியில் ஒரு பை. அதிலிருந்து அரக்குப் பட்டு ரவிக்கைத் துணி எடுத்து மிஷின் மேல் வைத்தார்.

"கௌசல்யாவோட முகூர்த்த ஜாக்கெட்டு. மதுரையில குடுக்கணும்னுதான் இருந்தேன். நீயே தைச்சிரு. அவசரமில்ல, பொங்கல் கழிச்சு வெட்டு."

முனீஸ் துணியைத் தொடவில்லை. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே நின்றாள். அவர் போன பிறகு அத்தை சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். யூனிபார்ம் சட்டைகளை ஒதுக்கிவிட்டு முனீஸ் அந்தத் துணியை பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

ஏப்ரல் 5, சனி

ஹெலன் மேடம் போன். ஏசிக்கு உதிரிபாகம் வர இன்னும் இரண்டு வாரமாம். "கெடு தள்ளிப்போடச் சொல்லிக் கேட்டுட்டேன் இந்து, முடியாதுங்கிறாங்க. வேற எங்கயாவது இருட்டுல வளர்ற நாத்து கிடைக்காதா?" என்றார்.

சுவருக்கு அந்தப் பக்கமே இருக்கிறது. கம்பு, சோளம், பயறு எல்லாம், என் இருட்டறையைவிட நல்ல இருட்டில்.

முனீஸிடம் கேட்டேன். ஒரே ஒரு தரம் உள்ளே விடு, பழைய போன் ஒன்றை வைத்துவிட்டு வந்துவிடுகிறேன், அதுவே படம் எடுத்துக்கொள்ளும் என்றேன். அவள் வெகு நேரம் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"மதினி, நீங்க கேட்டு நான் மாட்டேன்னு சொல்ற மொத விசயம் இது. கோவிச்சுக்கிறாதீக. என்னைய நம்பிக் குடுத்திருக்காக."

கோபமெல்லாம் இல்லை, விடு என்றேன். கோபம்தான். அவளுடைய தையல் படிப்புக்கும் சேர்த்துப் பணம் அனுப்பச் சொல்லி இவரிடம் மல்லுக்கட்டியவள் நான். அதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

இட்லி, தக்காளிச் சட்னி. துணி துவைத்தேன். பெட்டிக்கடையில் பச்சைக் கண்ணாடித்தாள் ஒன்று வாங்கினேன். பரிசுப்பொருள் சுற்றுகிற தாள்தான். "யாருக்கு மொய்யி?" என்று கேட்டார் கடைக்காரர்.

ஏப்ரல் 7, திங்கள்

எழுதிவிடுகிறேன். இதை வேறு யாரும் படிக்கப் போவதில்லை.

நேற்றுக் காலை முனீஸ் தண்ணீர் தெளித்துவிட்டு அத்தையோடு கோயிலுக்குப் போனதும், சமையற்கட்டுப் பக்கக் கட்டிலை நகர்த்திவிட்டு உள்ளே போனேன். படிக்கிற சின்ன கிளிப் விளக்கைப் பச்சைத்தாளில் மடித்துச் சுற்றி, கதவின் தாழ்ப்பாளில் மாட்டினேன். பழைய போனைப் பக்கத்தில் நிறுத்தினேன். சாயங்காலம் அவள் குளிக்கப் போகும் முன் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். இன்றும் அப்படியே. யாருக்கு என்ன நஷ்டம்? ஒரு முளையைக்கூட நான் தொடவில்லை.

பச்சை வெளிச்சத்தைச் செடி சட்டை செய்யாது. எங்கள் இருட்டறையிலும் பச்சை பல்பு வைத்துத்தான் வேலை செய்கிறோம். நானே வருடா வருடம் முதல் வகுப்பில் இதைச் சொல்லிக் கொடுக்கிறேன். அங்கே பல்பைச் சில நிமிடம்தான் போடுவோம் என்பது வாஸ்தவம். ஆனால் பச்சை பச்சைதானே.

விளக்கை எடுக்கும் முன் நன்றாகக் குனிந்து பார்த்தேன். எல்லாம் அப்படியேதான் இருக்கிறது. இன்று எடுக்கும்போது முன்னறையில் முனீஸின் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் எதுவும் கேட்காது. நடுவில் ஒரு தரம் மிஷின் நின்றது. நூல் அறுந்திருக்கும்.

ஏப்ரல் 8, செவ்வாய்

இன்றும் படம். மூன்று நாள் படம் போதும், ஹெலன் மேடம் துள்ளிக் குதிப்பார். விளக்கையும் தாளையும் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டேன்.

முனீஸ் எனக்கு ரவிக்கை வெட்டியிருக்கிறாள். மயில்கழுத்து நிறம். தைத்துக்கொண்டே, "மதினி, உங்களுக்கு என்கிட்ட ஏதும் சொல்லணுமா?" என்று கேட்டாள். கழுத்தைக் கொஞ்சம் ஏற்றித் தை என்றேன். சரி என்றாள்.

ஏப்ரல் 9, புதன்

இவர் மத்தியானம் வந்துவிட்டார். அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

வெயில் தாழ்ந்ததும் மேளம் வந்தது. பெண்கள் தலைகுளித்துப் பூ வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். முனீஸ் வாசல் பக்கக் கதவைத் திறந்து, சட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். வெளுத்த மஞ்சளில், முழ உயரத்துக்கு, சீப்பால் வாரிவிட்டதுபோல் நின்றன முளைகள். குலவை தெருவை நிறைத்தது. "என்னா வளத்தி! முனீசு கைக்கு வளையல் போடணும்" என்று யாரோ சொன்னார்கள். அவள் முகத்தைப் பார்த்தேன். கல்யாணத்தன்றுகூட அவள் அப்படி இருந்ததில்லை.

கடைசியாக வீட்டுப் பக்கக் கதவோரத்துச் சட்டிகள் வந்தன. நாலைந்து இருக்கும். குலவை அப்படியே நின்றுபோயிற்று. அவை பச்சை. இலை விரிந்து, மற்றவற்றைவிடக் குட்டையாக, எல்லாம் ஒரே பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தன. முதல் சட்டியின் கழுத்தில் சிவப்பு நூல்.

எனக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. என் தாள் மெல்லிசு. பச்சையோடு மற்ற வெளிச்சமும் கசிந்திருக்கிறது. பச்சை வெளிச்சமே கூட நாள் முழுக்கப் பட்டால் போதும். நான் குனிந்து பார்த்தபோது தெரியவில்லை என்றால், பச்சை விளக்கில் மஞ்சள் இலையும் பச்சையாகத்தான் தெரியும். முனீஸோ இருட்டில் தண்ணீர் தெளித்தவள். அவளும் பார்க்க வழியில்லை.

பஞ்சவர்ணம் அக்கா சட்டியை வாங்கவில்லை. "கல்யாணம் வச்சிருக்க வீட்டுச் சட்டியாப் பாத்து..." என்று நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். பூசாரிதான் சமாதானம் செய்தார். "ஆத்தா என்னமோ நெனச்சிருக்கா. கோயில்ல மஞ்சத் தண்ணி தெளிச்சு, ஒரு தேங்கா விட்டுட்டு எடுத்துக்கிட்டுப் போவோம். ஒண்ணும் ஆகாது தாயி." அக்காவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சும்மாட்டைத் தலையில் வைத்துவிட்டார். அவ்வளவுதான். அத்தோடு முடிந்திருக்கும்.

நான் வாயைத் திறந்தேன்.

முனீஸுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். "சாமி குத்தமெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. வெளிச்சம் பட்டிருக்கு, அவ்வளவுதான். இருட்டுல வளந்த முளை மேல தொடர்ந்து வெளிச்சம் பட்டா பச்சை கட்டும், அந்தப் பக்கமா சாயும். இதுக்கு யாரும் பயப்பட வேண்டாம்" என்றேன். வகுப்பில் பேசுவதுபோல் அழுத்தம்திருத்தமாகச் சொன்னேன்.

"வெளிச்சமா?" என்றார் அக்கா. "அடைச்ச ரூமுக்குள்ள வெளிச்சம் எங்கேர்ந்து வரும் டீச்சர்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முனீஸும் பார்த்தாள்.

"எங்கேர்ந்துன்னு... சின்ன வெளிச்சமே போதும். போன் வெளிச்சம் மாதிரி."

"போனா?"

அதற்குப் பிறகு யார் எது பேசினார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. உள்ளே உட்கார்ந்து போன் பேசியிருக்கிறாள். அதுவும் கொஞ்ச நேரமா, பச்சை கட்டுகிற அளவுக்கு. வீட்டுப் பக்கம் போய் மூலையில் உட்கார்ந்துதான் பேசியிருக்கிறாள், முளை அங்கேதானே சாய்ந்திருக்கிறது. அப்படி யாரோடு பேசுகிறாள்? "டீச்சரே சொல்லிட்டாகல்ல, நாத்தனாரா இருந்தாலும் மறைக்காமச் சொல்லிட்டாக" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

முனீஸ் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தலையைக் குனிந்து இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, பஞ்சவர்ணம் அக்காவின் காலடியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மஞ்சள் சட்டிகள் மட்டும் மேளத்தோடு கிளம்பின.

ஏப்ரல் 10, வியாழன்

காலையில் பஞ்சவர்ணம் அக்கா வீட்டிலிருந்து ஆள் வந்து அரக்குத் துணியை வாங்கிக்கொண்டு போனார்கள். முனீஸ் பீரோவைத் திறந்து மடிப்புக் கலையாமல் எடுத்துக் கொடுத்தாள். கத்தரியே படாத துணி. அத்தை சாப்பிடவில்லை.

இவர் முனீஸைக் கூப்பிட்டு, "யாரு அது? சொல்லு, பேசி முடிச்சு வைப்போம்" என்று மெதுவாகத்தான் கேட்டார். அவள் அண்ணனும் நம்பிவிட்டார் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்திருக்கும். நான் சமையற்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

பழைய போனில் இருந்த படங்களை அழித்துவிட்டேன். இடம் போதவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

படம் கிடைக்கவில்லை, கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று ஹெலன் மேடத்துக்குச் செய்தி அனுப்பினேன். இது தண்டனையாகிவிடும் என்று நினைத்தேன்போல. மேடம் வருத்தப்பட்டு ஆறுதல் சொன்னார். தண்டனைக்கும் இதற்கும் வெகு தூரம்.

நாளை சொல்லிவிட வேண்டும்.

ஏப்ரல் 12, சனி

சொல்லவில்லை. இவர் ஊருக்குக் கிளம்புகிற அவசரம்.

ஏப்ரல் 13, ஞாயிறு

ஊர்வலத்துக்குப் போகாத பச்சைச் சட்டிகள் கொல்லையில் கிடக்கின்றன. யாரும் வாங்கிக்கொண்டு போகவில்லை. சாயங்காலம் பார்த்தால் முனீஸ் அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். நல்ல வெயில் பட்டு இலைகள் கரும்பச்சையாகிவிட்டன. வளைந்த தண்டுகள்கூட நிமிர்ந்துவிட்டன. இருட்டிலிருந்து எடுத்த நாற்றைச் சட்டென்று சித்திரை வெயிலில் வைத்தால் வெளுத்துக் கருகிவிடும். இவை என் விளக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகியிருந்ததால் பிழைத்துக்கொண்டன. இதெல்லாம் எனக்கு எவ்வளவு நன்றாகத் தெரிகிறது.

பக்கத்தில் போய் நின்றேன். "முனீஸ்" என்றேன்.

அவள் சொம்பைக் கீழே வைத்தாள். "அந்தக் கட்டில இழுத்தா நாலு வீட்டுக்குக் கேக்கும் மதினி. எனக்குக் கேக்காதா? மிஷின நிறுத்திட்டுக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"அப்பவே ஏன் எங்கிட்டக் கேக்கல?"

"கேட்டேனே. கழுத்த ஏத்தித் தைன்னு சொன்னீக."

வாசலில் ஏன் சொல்லவில்லை, என்னைக் கைகாட்டியிருக்கலாமே என்று கேட்டேன்.

"நீங்க பேச ஆரம்பிச்சீகள்ல? சொல்லப்போறீகன்னு நெனச்சேன் மதினி. அதான் சும்மா நின்னேன்."

சொம்பை எடுத்துக்கொண்டு அடுத்த சட்டிக்குப் போனாள். நான் அழுதேன். அவள் அழவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. தெருவெல்லாம் கோலம். குளித்துவிட்டு நேராகப் பஞ்சவர்ணம் அக்கா வீட்டுக்குப் போனேன். கௌசல்யா பலகாரத் தட்டோடு வந்து கும்பிட்டாள். ஒன்று விடாமல் சொன்னேன். கட்டில், விளக்கு, பச்சைத்தாள், கட்டுரை, எல்லாம். முனீஸ் அந்த அறைக்குள் போனைக் கொண்டுபோனதே இல்லை, செய்தது நான்தான் என்று சொன்னேன். சொல்லச் சொல்ல மனசு லேசாகிக்கொண்டு வந்தது.

அக்கா முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாத்தனா மேல இம்புட்டுப் பாசமா? பெரிய மனசு தாயி ஒங்களுக்கு."

"பாசத்துல சொல்லலக்கா. நெசம்."

"சும்மாருங்க டீச்சர். காலேஜுல பாடம் நடத்துறவுக, கட்டில நகத்திட்டு அடைச்ச ரூமுக்குள்ள திருட்டுத்தனமா நொழைவீகளா? நீங்க தப்புப் பண்ணியிருந்தா, அன்னைக்கு எல்லார் முன்னாடியும் வெளிச்சம் பட்டுச்சுன்னு நீங்களே எதுக்குச் சொல்லப்போறீக? யாரு நம்புவா?"

"படமெல்லாம் எடுத்தேன்."

"காட்டுங்க பாப்போம்."

"அழிச்சுட்டேன்."

அவர் சிரித்தார். கேலிச் சிரிப்பில்லை, வாஞ்சையான சிரிப்பு. அதைத்தான் தாங்க முடியவில்லை. விளக்கை வேண்டுமானால் எடுத்து வருகிறேன் என்றேன். விளக்கு எல்லார் வீட்டிலும்தான் இருக்கிறது என்றார். கிளம்பும்போது வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்தார். வாசல் வரை வந்து, "ஒங்க மாதிரி ஆளு கையிலதான் சாமி காரியம் இருக்கணும். அடுத்த வருசம் முளைப்பாரி வீட்டுச் சாவி ஒங்ககிட்டதான். ஒரு வாரம் லீவு போட்டுட்டு வந்துருங்க. நான் எல்லார்கிட்டயும் சொல்லிர்றேன்" என்றார்.

வேண்டாம், முனீஸிடம் கொடுங்கள் என்றேன். "அவ பேச்ச விடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான் வீடு திரும்புவதற்குள், டீச்சர் நாத்தனாருக்காகப் பழியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்ளப் போனார் என்ற செய்தி எனக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டது. அத்தை என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். அத்தையிடமும் நெசத்தைச் சொன்னேன். "போதும் தாயி, அவளுக்காக இன்னும் எத்தன பொய் சொல்லுவ" என்றார். சாயங்காலம் இவரிடம் போனில் சொன்னேன். "நீ எதுக்கு இந்து இதுல போய் மாட்டிக்கிற?" என்றார்.

முன்னறையில் முனீஸ் யூனிபார்ம் தைத்துக்கொண்டிருந்தாள். "சொல்லிட்டேன் முனீஸ். யாரும் நம்பல" என்றேன்.

"நம்ப மாட்டாக மதினி" என்றாள். மிஷினை நிறுத்தவில்லை.

ஏப்ரல் 16, புதன்

மதுரை பஸ். ஜன்னலோர இடம் கிடைத்தது. அதில் என்ன இருக்கிறது.

முனீஸ் பஸ் ஸ்டாண்டு வரை பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நானே தூக்கிக்கொள்கிறேன் என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. எங்களைப் பார்த்த இரண்டு பெண்கள் என்னிடம் மட்டும் நின்று பேசினார்கள். அடுத்த மாதம் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போவதாக முனீஸ் சொன்னாள். அங்கே யாருக்கும் யாரையும் தெரியாது, அதனால் தேவலை என்றாள். அவள் பார்த்துப் பார்த்து எண்ணெய் போடும் அந்த மிஷினை என்ன செய்வாள் என்று கேட்க வாய் வரவில்லை.

மன்னிச்சுக்க முனீஸ் என்றேன். பஸ் கிளம்புகிற சத்தத்தில் கேட்டதோ என்னவோ. ஜன்னல் வழியாக ஒரு கவரை நீட்டினாள். மயில்கழுத்து ரவிக்கை.

"அடுத்த வருசம் சாவி உங்ககிட்டன்னு பஞ்சவர்ணம் அக்கா சொன்னாக" என்றாள். "தண்ணி தெளிக்கும்போது வெளக்கு வேண்டாம் மதினி. ரெண்டு நாள்ல கை பழகிரும்."

திருமங்கலம் தாண்டியாயிற்று. கவரைப் பிரித்துப் பார்த்தேன். கழுத்தைக் கொஞ்சம் ஏற்றித்தான் தைத்திருக்கிறாள்.